பட்டியலின் இடது ஓரத்துச் சின்னங்கள்

கேள்வி: "ஆறு மாதமாக விஎஸ் கோடு எடிட்டரில் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் பழகுகிறேன். தட்டச்சும்போது விரியும் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு சின்னம் இருக்கிறது. ஊதாப் பெட்டி, நீலக் கட்டி, ஸ்பானர், சிலவற்றுக்கு வெறும் ஏபிசி. இவற்றுக்கு அர்த்தம் உண்டா, அலங்காரம்தானா? மனப்பாடம் செய்ய வேண்டுமா?"

அலங்காரமில்லை. மனப்பாடமும் வேண்டாம். இருபதுக்கு மேற்பட்ட சின்னங்கள் இருந்தாலும் அன்றாட வேலைக்கு ஐந்தாறு போதும். அவற்றிலும் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லித்தர முடியும் என்றால், நீங்கள் கடைசியில் 'வெறும்' என்று ஒதுக்கிவிட்ட அந்த ஏபிசியைத்தான் சொல்லித்தருவேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மற்ற எல்லாச் சின்னங்களும் "இந்தப் பெயரை எனக்குத் தெரியும், இது இன்ன வகை" என்று எடிட்டர் சொல்வதற்கு அடையாளம். ஏபிசி மட்டும் நேர் எதிர். "இப்படி ஒரு சொல்லை இங்கே எங்கேயோ பார்த்தேன், அது என்னவென்று எனக்குத் தெரியாது" என்பதே அதன் பொருள். ஊரில் ஒரு வீட்டுக்கு வழி கேட்கும்போது, அந்தத் தெருவிலேயே குடியிருப்பவர் சொல்வதும், "அந்தப் பெயரைக் கேட்ட மாதிரி இருக்கிறது" என்று ஒருவர் கை காட்டுவதும் ஒன்றாகுமா? பட்டியலில் இருவரும் அடுத்தடுத்த வரியில் நிற்பார்கள். பிரித்துக்காட்ட இருப்பது அந்தச் சின்னம் மட்டும்தான்.

இதை நான் ஒரு முழு மதியப் பொழுதைக் கொடுத்துக் கற்றேன். வெளியிலிருந்து வரும் ஆர்டர் விவரங்களை வாங்கிக் கையாளும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. வருகிற பொருளின் (ஆப்ஜெக்ட்) உள்ளமைப்பு என்ன என்று நான் எங்கும் அறிவிக்கவில்லை. ஆகவே எடிட்டருக்கும் தெரியாது. அதில் 'ரிசீவ்டு' என்ற ஆங்கிலப் பெயரை ஒருமுறை எழுத்துகள் இடம் மாற, ஐ முன்னால், இ பின்னால் என்று தட்டிவிட்டேன். அடுத்த முறை முதல் மூன்று எழுத்தைத் தட்டியதும் அந்தப் பிழையான பெயரே பட்டியலில் வந்து நின்றது. 'எடிட்டரே சொல்கிறதே' என்று தேர்ந்தெடுத்தேன். இப்படி ஐந்து இடங்களில். ஒரு பொருளில் இல்லாத பெயரைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் கோபித்துக்கொள்ளாது. 'அன்டிஃபைன்டு' என்று அமைதியாகக் கையை விரித்துவிடும். ஆகவே பிழைச் செய்தியும் இல்லை, என் நிபந்தனைகளில் ஒன்றுகூட உண்மையாகவும் இல்லை. அந்த ஐந்து இடங்களிலும் பட்டியலில் அந்தப் பெயருக்கு முன்னால் ஏபிசி என்றுதான் இருந்திருக்கும். என் பிழையை எனக்கே திருப்பிப் படித்துக்காட்டிய கிளி அது. நான் அதை வாத்தியார் என்று நினைத்துவிட்டேன்.

ஏபிசிக்கு இன்னொரு பயன் உண்டு. அது ஒரு நோய்க்குறி. விஎஸ் கோடுக்கு ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட், ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜேசான் போன்ற சில மொழிகள் பிறவியிலேயே தெரியும். பைத்தான், ஜாவா, சி பிளஸ் பிளஸ் போன்றவற்றுக்கு நாம்தான் நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) நிறுவ வேண்டும். இத்தகைய மொழிகளில், மொழியை அறிந்த பகுதியிடமிருந்து பதில் எதுவும் வராதபோதுதான், கோப்பிலுள்ள சொற்களைப் பொறுக்கி எடிட்டர் ஒப்பேற்றும். ஆகவே ஒரு பைத்தான் கோப்பில் பட்டியல் முழுக்க ஏபிசியாகவே வந்தால், உங்கள் நிரலில் குறை தேடாதீர்கள். நீட்சி நிறுவப்படவில்லை, நிறுவியும் எழுந்திருக்கவில்லை, அல்லது கோப்பைச் சரியான பின்னொட்டுடன் சேமிக்கவில்லை. சாளரத்தின் கீழ் வலது ஓரத்தில் 'பிளெயின் டெக்ஸ்ட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகப் பைத்தான் பழகுபவர்கள் "என் எடிட்டர் எதையும் சரியாகக் காட்டுவதில்லை" என்று கொண்டுவரும் குறைகளில் பாதி இந்த ஒரு பார்வையில் தீர்ந்துவிடும். பைத்தானிலேயே 'ஏபிசி' என்ற பெயரில் ஒரு மாட்யூலும் இருக்கிறது என்பது கூடுதல் கூத்து. அதற்கும் இந்தச் சின்னத்துக்கும் உறவில்லை.

இனி ஊதாப் பெட்டியும் நீலக் கட்டியும். புள்ளிக்குப் பிறகு நீங்கள் அதிகம் பார்ப்பவை இவை இரண்டுதான். ஊதா நிறக் கனசதுரம் என்றால் ஃபங்ஷன் அல்லது மெத்தட். அழைத்தால் வேலை செய்வது. படுத்திருக்கும் நீலக் கட்டி என்றால் ஃபீல்ட். உள்ளே ஒரு மதிப்பு உட்கார்ந்திருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். நடைமுறையில் இதற்கு ஒரே ஒரு விளைவு: பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போடுவதா, வேண்டாமா?

ஒரு சரத்துக்குப் (ஸ்டிரிங்) பின்னால் புள்ளி வைத்துப் பாருங்கள். 'லெங்த்' என்பதற்கு நீலக் கட்டி வரும். 'டூ அப்பர் கேஸ்' என்பதற்கு ஊதாப் பெட்டி வரும். முதலாவதற்கு அடைப்புக்குறி போட்டால், அது ஃபங்ஷன் இல்லை என்ற பிழை உடனே முகத்தில் அடிக்கும். அது பரவாயில்லை. இரண்டாவதற்கு அடைப்புக்குறி போட மறப்பதுதான் ஆபத்து. ஜாவாஸ்கிரிப்டில் பட்டியலிலிருந்து மெத்தடைத் தேர்ந்தெடுத்தால், எடிட்டரின் அமைப்பை (செட்டிங்ஸ்) நீங்கள் மாற்றாதவரை, பெயர் மட்டும்தான் வந்து விழும். அடைப்புக்குறியை நாம்தான் போட வேண்டும். மறந்தால் பிழை வராது. மெத்தடை அழைத்துக் கிடைக்கும் விடைக்குப் பதிலாக மெத்தடே கைக்கு வரும். அதை ஒரு 'இஃப்' நிபந்தனைக்குள் வைத்திருந்தால் அந்த நிபந்தனை எப்போதும் உண்மைதான். 'அரேயில் (மதிப்புகளின் வரிசையில்) இந்தப் பெயர் இருக்கிறதா' என்று சோதிக்கப்போய், 'அரேக்குச் சோதிக்கத் தெரியுமா' என்று கேட்டு வந்ததாகிவிடும்.

ஜாவா படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் நன்றாகத் தெரியும். அங்கே அரேயின் 'லெங்த்' ஃபீல்ட், அடைப்புக்குறி கூடாது. சரத்தின் 'லெங்த்' மெத்தட், அடைப்புக்குறி வேண்டும். அரே லிஸ்டுக்கோ 'லெங்த்' என்பதே இல்லை, 'சைஸ்' என்ற மெத்தட். தேர்வுக்கு முந்தின இரவு இதை உருப்போட்டவர்கள் நாங்கள். அன்றைக்கே சின்னத்தைப் பார்க்கப் பழகியிருந்தால் அந்த இரவில் கொஞ்சம் தூங்கியிருக்கலாம்.

ஆனால் இந்த விதியில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் மாறிகளுக்குத் (வேரியபிள்) தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் தமிழ்ப் பெயரையே எடுத்துக்கொள்கிறேன். 'கூட்டு' என்று ஒரு ஃபங்ஷனை, 'ஃபங்ஷன்' என்ற கீவேர்டைப் போட்டு எழுதினால் பட்டியலில் ஊதாப் பெட்டியுடன் வரும். அதையே இக்கால வழக்கப்படி 'கான்ஸ்ட்' போட்டு, அம்புக்குறி ஃபங்ஷனாக எழுதினால், இரண்டு சதுர அடைப்புக்குறிகளுக்கு நடுவே ஒரு குட்டிப் பெட்டி உள்ள நீலச் சின்னம் வரும். அது மாறிக்கு உரியது. செய்யும் வேலை ஒன்றே, சின்னம் வேறு. ஏனென்றால் சின்னம் சொல்வது அந்தப் பெயர் எப்படி அறிவிக்கப்பட்டது என்பதை; உள்ளே என்ன இருக்கிறது என்பதை அல்ல. உள்ளே இருப்பதை அறிய இன்னொரு படி போக வேண்டும். பட்டியல் திறந்திருக்கும்போதே கண்ட்ரோலும் ஸ்பேஸும் மறுபடி அழுத்தினால், பக்கத்தில் விளக்கப் பலகை விரியும். எத்தனை உள்ளீடு, எந்த வகை, என்ன திரும்பும் என்பதெல்லாம் அங்கே இருக்கும். பலர் வருடக்கணக்கில் விஎஸ் கோடு பயன்படுத்தியும் இந்தப் பலகையைத் திறந்ததே இல்லை.

ஸ்பானர் என்றால் பிராப்பர்ட்டி. சிஎஸ்எஸ்ஸில் 'மார்ஜின்', 'பேடிங்' போன்ற எல்லாவற்றுக்கும் அதுதான். ஹெச்டிஎம்எல்லில் டேக் பெயர்களுக்குக்கூட ஸ்பானரே வருகிறது. டேக் எப்படிப் பிராப்பர்ட்டி ஆகும் என்று கேட்காதீர்கள், பட்டியலில் டேக்குக்கென்று தனிச் சின்னம் இல்லை, அருகிலிருந்த ஒன்றில் ஏற்றிவிட்டார்கள். சிறு பெட்டிகள் கோடுகளால் இணைந்த ஆரஞ்சு நிறச் சின்னம் கிளாஸ். நெளி அடைப்புக்குறி இணை என்றால் மாட்யூல். கீழ் விளிம்பு மட்டும் புள்ளிகளாக இருக்கும் சதுரம் ஸ்னிப்பெட். அதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு சொல் வராது, ஒரு முழுப் பத்தி நிரல் வந்து இறங்கும், திடுக்கிட வேண்டாம். அடிக்கோல் போன்றது சிஎஸ்எஸ் அலகுகளுக்கு. நிறங்களின் பெயர் வரும்போது சின்னத்தின் இடத்தில் அந்த நிறமே ஒரு சிறு சதுரமாக வந்து நிற்கும். இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். விளக்கமே தேவையில்லாத ஒரே சின்னம்.

டைப்ஸ்கிரிப்டுக்குப் போகும்போது ஒரு வட்டமும் அதிலிருந்து நீளும் ஒரு சிறு கோடும் பார்ப்பீர்கள், குச்சி மிட்டாய் போல. அது இண்டர்ஃபேஸ். ஏன் குச்சி மிட்டாய்? மென்பொருள் பாகங்களை இணைக்கும் மைக்ரோசாஃப்டின் காம் தொழில்நுட்ப காலத்தில், ஒரு பாகம் வெளியே நீட்டும் இண்டர்ஃபேஸை வரைபடத்தில் அப்படித்தான் வரைவார்கள். மென்பொருள் வடிவமைப்பை வரையும் யுஎம்எல் படங்களிலும் அதே வடிவம் உண்டு. அந்தப் பெயரே அங்கே 'லாலிபாப்' குறியீடு. சி ஷார்ப்பில் ஈவென்டுகளுக்கு வரும் மின்னலும் இப்படிப் பழைய சொத்து. விஷுவல் பேசிக் நாட்களிலிருந்து வருகிறது. அந்த விஷுவல் பேசிக்கில் மெத்தடின் சின்னம் காற்றில் பறக்கும் பச்சைச் செங்கல். பிராப்பர்ட்டியின் சின்னம் ஓர் அட்டையைப் பிடித்த கை. செங்கல் நிறம் மாறி, பறப்பதை நிறுத்தி, ஊதாப் பெட்டியாகிவிட்டது. கை இருந்த இடத்தில் ஸ்பானர் வந்தது. மின்னல் மட்டும் மின்னலாகவே நிற்கிறது.

சரி, இந்தச் சின்னத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? எடிட்டர் இல்லை என்பதுதான் பலருக்கு வியப்பாக இருக்கும். 2016-இல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி மூன்றும் சேர்ந்து லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் என்ற பொது ஒப்பந்தத்தை அறிவித்தன. அதற்கு முன் ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழியையும் தனித்தனியே கற்க வேண்டியிருந்தது. இந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, மொழியை அறிந்த நிரல் பின்னணியில் ஒரு சர்வராக ஓடும். எடிட்டர் அதனிடம் கேட்கும். "புள்ளிக்குப் பிறகு என்ன வரலாம்?" என்ற கேள்விக்குச் சர்வர் பெயர்களை அனுப்பும்போது, ஒவ்வொன்றுடனும் ஓர் எண்ணை இணைத்து அனுப்புகிறது. 1 என்றால் வெறும் உரை, அதாவது நம் ஏபிசி. 2 மெத்தட், 3 ஃபங்ஷன், 5 ஃபீல்ட், 6 மாறி, 7 கிளாஸ், 10 பிராப்பர்ட்டி, 15 ஸ்னிப்பெட். மொத்தம் 25. எடிட்டர் அந்த எண்ணுக்குரிய படத்தை எடுத்து ஒட்டுகிறது, அவ்வளவுதான். விஎஸ் கோடில் டைப்ஸ்கிரிப்டும் ஜாவாஸ்கிரிப்டும் மட்டும் தமக்கென ஒரு தனி வழியில் பேசிக்கொள்கின்றன. ஆனால் அங்கும் வகை சொல்பவர் வேறு, படம் ஒட்டுபவர் வேறு.

இதைத் தெரிந்துகொண்டால் பல முரண்கள் விளங்கிவிடும். உலகத்தில் உள்ள எல்லா மொழிகளின் எல்லாப் பொருள்களும் 25 அறைகளுக்குள் குடியேற வேண்டும். ஆகவே எதை எந்த அறையில் போடுவது என்பது ஒவ்வொரு மொழிச் சர்வரையும் எழுதியவர்களின் முடிவு. டைப்ஸ்கிரிப்டில் 'டைப்' என்று அறிவித்த ஒன்று கிளாஸ் சின்னத்துடன் வருகிறது. அது கிளாஸ் இல்லை. 'கான்ஸ்ட்' என்று அறிவித்தது மாறிச் சின்னத்துடன் வருகிறது. மாறிலிக்கென்று 21 என ஓர் எண் இருந்தும் அதற்குக் கொடுக்கவில்லை. அந்த மாறிலிச் சின்னத்தை, இன்ன இன்ன சரங்கள்தான் வரலாம் என்று வரையறுத்த இடத்தில் அந்தச் சரங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். குழப்பம்தான். ஒரு மொழியில் பழகிய கண்ணை இன்னொரு மொழிக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

வேறு எடிட்டருக்கு மாறினாலும் அதே எச்சரிக்கை பொருந்தும். எக்லிப்ஸில் வடிவமும் நிறமும் சொல்வது, யார் அதைத் தொடலாம் என்பதை: பச்சை வட்டம் பப்ளிக், சிவப்புச் சதுரம் பிரைவேட், மஞ்சள் சாய்சதுரம் புரொடெக்டட், நீல முக்கோணம் எதுவும் குறிப்பிடாதது. நிரம்பியிருந்தால் மெத்தட், வெற்று வடிவமானால் ஃபீல்ட். ஜாவாக்காரர்களுக்கு அது மிகவும் வசதி. விஎஸ் கோடின் சின்னங்களில் அந்தத் தகவலே கிடையாது. இன்டெலிஜேயில் வட்டத்துக்குள் ஆங்கில எழுத்து: கிளாஸுக்கு சி, இண்டர்ஃபேஸுக்கு ஐ, மெத்தடுக்கு எம், ஃபீல்டுக்கு எஃப். கற்பனை குறைவு, ஆனால் புதியவருக்கு அதுதான் எளிது என்பது என் எண்ணம். விஷுவல் ஸ்டுடியோவில் மூலச் சின்னத்தின் ஓரத்தில் ஒரு குட்டிச் சின்னம் ஒட்டியிருக்கும். பூட்டு என்றால் பிரைவேட். இதயம் என்றால் அதே புராஜெக்டுக்குள் மட்டும் பயன்படுத்தலாம் என்று பொருள். அதற்கு எதற்கு இதயம்? சி ஷார்ப்பில் 'இன்டர்னல்' எனப்படும் அதற்கு விஷுவல் பேசிக்கில் பெயர் 'ஃபிரண்ட்'. நட்புக்கு இதயம். யாரோ ஒருவர் அலுவலகத்தில் அதை வரைந்துவிட்டுச் சிரித்திருப்பார்.

சின்னத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது இன்னொன்று: பெயரின் மீது குறுக்குக் கோடு. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சரத்துக்குப் பின் புள்ளி வைத்து 'சப்ஸ்டர்' என்பதைத் தேடுங்கள். ஊதாப் பெட்டி இருக்கும், பெயர் மட்டும் அடிக்கப்பட்டிருக்கும். அது இன்னும் ஓடும், ஆனால் கைவிடப்பட்டது, புதிதாக எழுதும் நிரலில் சேர்க்காதீர்கள் என்று பொருள். பக்கத்திலேயே 'ஸ்லைஸ்' இருக்கிறது, அதை எடுங்கள்.

மனப்பாடம் வேண்டாம் என்றேன் அல்லவா, அதற்கு ஒரு குறுக்கு வழி. நீங்களே எழுதிய ஒரு கோப்பைத் திறந்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மேலே ஒரு பெட்டி திறந்து, கோப்பிலுள்ள பெயர்கள் சின்னங்களுடன் வரிசையாக வரும். அதில் ஏற்கெனவே நிற்கும் அட் குறிக்குப் பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளியைத் தட்டுங்கள். உடனே எல்லாம் வகைவாரியாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவுக்கும் தலைப்பு வரும்: ஃபங்ஷன்கள் இத்தனை, மாறிகள் இத்தனை என்று. எந்தச் சின்னம் எதற்கு என்ற விளக்கப்பட்டியல் உங்கள் எடிட்டருக்குள்ளேயே, உங்கள் சொந்தப் பெயர்களோடு இருக்கிறது. இணையத்தில் தேடி எடுத்துச் சுவரில் ஒட்டும் படத்தைவிட இது மேல். எடிட்டரின் பதிப்புக்குப் பதிப்பு ஓவியம் சற்று மாறும், தீம் மாற்றினால் நிறமும் மாறும், சுவரில் ஒட்டியது மாறாது. அதே காரணத்தால் நிறத்தைவிட வடிவத்தை நம்புங்கள்.

ஏபிசி தொல்லையாக இருந்தால் அமைப்புகளில் 'வேர்ட் பேஸ்டு சஜஷன்ஸ்' என்று தேடி, அதை 'ஆஃப்' என்று மாற்றலாம். ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளில் வரும் ஏபிசிக்கு வேறொரு அமைப்பு. 'ஜாவாஸ்கிரிப்ட் சஜஸ்ட் நேம்ஸ்' என்று தேடுங்கள். நான் இரண்டையும் அணைக்கவில்லை. நீளமான பெயரைத் தட்டும் வேலையை அவை குறைக்கின்றன. இப்போது முன்னால் நிற்பது யார் என்று பார்த்துவிட்டு எடுக்கிறேன், அவ்வளவே.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. செயற்கை நுண்ணறிவு உதவியாளரை நிறுவியிருந்தால், பட்டியலுக்கு வெளியே, கர்சருக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு வரி மங்கலாகத் தோன்றும். அதற்குச் சின்னமே கிடையாது. அந்த வரியில் உள்ள பெயர்கள் நிஜமாகவே இருக்கின்றன என்று மொழிச் சர்வர் யாருக்கும் உறுதி சொல்லவில்லை. டேப் அழுத்தி ஏற்றுக்கொண்டால், அதில் புள்ளிக்குப் பிறகு வரும் பெயரின் முடிவில் கர்சரை வைத்துக் கண்ட்ரோலும் ஸ்பேஸும் அழுத்திப் பாருங்கள். ஊதாப் பெட்டியுடன் அந்தப் பெயர் வந்தால் அப்படி ஒரு மெத்தட் இருக்கிறது. ஏபிசியுடன் வந்தாலோ, வராமலே போனாலோ, ஓட்டிப் பார்ப்பதற்கு முன் ஆவணத்தைத் திறந்து தேடுங்கள்.